நிறைந்திருந்த கார் பார்க்

அமெரிக்காவில் இரவு என்றால் எங்களுக்கு மத்தியானம். அதனால் அங்கே ஒரு கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரை மாநிலம் மாநிலமாகத் தெரிவு செய்கிற கூத்தை, ஒக்லாந்தில் நாங்கள் மத்தியானச் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து பார்க்கலாம். என் வீட்டில் அதைப் பார்த்தவர் நானுமில்லை, என் கணவருமில்லை. கிள்ளான் அண்ணை. மலேசியாவில் கிள்ளானில் பிறந்து, இங்கே எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர். தன் வீட்டுத் தொலைக்காட்சியை மனைவி சீரியலுக்கு எடுத்துக்கொண்டதால் எங்கள் வீட்டு சோபாவுக்குக் குடிவந்துவிட்டார். திரையில் வரைபடம் வந்தால் மனுஷன் கண் வெட்டமாட்டார். இந்த மாநிலத்தில் கறுப்பினத்தவர் அதிகம், ஆகவே இவர். அந்த மாநிலத்தில் வயல் செய்கிற கமக்காரரும் தேவாலயத்துக்குப் போகிறவர்களும் அதிகம், ஆகவே அவர். பல்கலைக்கழக நகரங்கள் உள்ள இடம் என்றால் மூன்றாமவர். எண்ணத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

"ஆள் யாருன்னு பாக்காதீங்கமா. எந்த இடத்துல எந்த ஆளுங்க இருக்காங்கன்னு பாருங்க. அவ்வளவுதான்லா."

இப்படி ஒருவர் கையோடு இருக்கும்போது என் தங்கச்சிக்கு என்ன குறை என்றுதான் நான் நினைத்தேன்.

தங்கச்சி அந்த வருஷம் எங்கள் தொகுதியில் கட்சி வேட்பாளராக நிற்க விரும்பினாள். நியூசிலாந்தில் ஜனாதிபதி கிடையாது, மாநிலமும் கிடையாது. ஆனால் கட்சிக்குள் ஆள் தெரிவு செய்கிற சண்டை இங்கேயும் உண்டு. தொகுதியின் அங்கத்தவர்கள் ஒரு சனிக்கிழமை ஒரு மண்டபத்தில் கூடி, நிற்கிறவர்கள் பேசுவதைக் கேட்டு, வாக்குப் போடுவார்கள். யார் வெல்கிறாரோ அவர்தான் பொதுத்தேர்தலில் கட்சியின் ஆள். எங்கள் தொகுதியில் இருந்த பழைய எம்.பி. ஓய்வு பெறுகிறார். இப்படி ஒரு கதிரை காலியாவது லேசில் நடக்கிற காரியமில்லை.

தங்கச்சி ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். விடியமுன் போனால் பின்னேரம்தான் வருவாள். வந்த களையோடு கட்சித் துண்டுப்பிரசுரங்களைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகத் தபால்பெட்டிகளுக்குள் போடுவாள். நிதி சேர்க்கும் விழா என்றால் வடை சுடுவாள். கூட்டம் முடிந்தால் கதிரை அடுக்குவாள். கட்சிக்காரர் எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும், அவளை மேடையில் ஏற்ற மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் வராது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் என் குசினியில் நின்று தேத்தண்ணி குடித்தபடி சொன்னாள்.

"அக்கா, இந்தமுறை இல்லையெண்டா நான் எல்லாத்தையும் விட்டிடுவன். கதிரை அடுக்கி அடுக்கி எனக்கு நாரி முறிஞ்சு போச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் என் தங்கச்சி சிரித்துக்கொண்டு சொல்வதைத்தான் செய்வாள்.

அன்றைக்கே நானும் கிள்ளான் அண்ணையும் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினோம். ஆட்களைக் கட்சியில் சேர்க்க வேண்டும். எங்கே சேர்ப்பது? எங்கள் ஆட்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே. ஒக்லாந்தில் த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் நானும் தங்கச்சியும் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கிறோம். கோயில் கிட்டத்தான், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் கிட்டத்தான், மரவள்ளிக்கிழங்கும் முருங்கைக்காயும் விற்கிற கடை கிட்டத்தான். வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் நான் செருப்பு விடும் இடத்தில் நிற்பேன். அது நல்ல இடம். செருப்புப் போடக் குனிகிற மனுஷர் எங்கே ஓடுவது? குனிந்த ஆளிடம் ஃபோனை நீட்டி, தம்பி இதில் பேரைப் போடுங்கோ, எங்கட பிள்ளை எலக்ஷனில் நிற்கிறாள் என்று சொன்னால், நிமிரும்போது கட்சி அங்கத்தவராகத்தான் நிமிருவார். பேரும் விலாசமும் அவரவரே தட்டிக்கொடுத்தார்கள். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மற்றவர்களின் ஃபோனை எட்டிப் பார்ப்பது மரியாதையா?

அங்கத்தவர்கள் பெருகப் பெருக, கிள்ளான் அண்ணை எங்கள் சாப்பாட்டு மேசையில் தன் அமெரிக்காவை விரித்தார். அவருக்கு ஒரே கவலை, தமிழர் ஒன்றாக நிற்பார்களா என்பது. யாழ்ப்பாணத்தவர் தங்கச்சிக்குப் போடுவார்கள், அதில் சந்தேகமில்லை. தமிழ்நாட்டவர் ஒரு யாழ்ப்பாணப் பெட்டைக்குப் போடுவார்களா? மலேசியா, சிங்கப்பூர்க்காரர் எதிலும் தலையைக் கொடுக்காத சாதி என்று அவரே சொன்னார். அவர் சொன்னால் சரி, நான் சொன்னால் சண்டை வரும். இந்துக்கள் கோயிலில் கிடைத்துவிட்டார்கள், வேதக்காரரைப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நடக்கிற தமிழ்ப் பூசைக்குப் போக வேண்டும். நான் சேலை உடுத்துக்கொண்டு அதற்கும் போனேன். கோயிலில் ஒருநாள், பூசையில் ஒருநாள். கடவுளே குழம்பியிருப்பார்.

தமிழ்நாட்டவரைப் பிடிக்க எனக்கு ஒரு தோழி கிடைத்தாள். தஞ்சாவூர்க்காரி. பாட்டனி டவுன்ஸில் பெரிய கடைத்தொகுதியில் உடுப்புக்கடை மேலாளர். நல்ல வாய். என்னைவிட நல்ல வாய் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 'எங்க ஆளுங்களை நான் பாத்துக்கறேன் அக்கா' என்றவள், பொங்கல் விழாவில் ஒரே பின்னேரத்தில் ஒரு வரிசையையே சேர்த்துவிட்டாள். யாழ்ப்பாணத்தவரும் தமிழ்நாட்டவரும் மலேசியரும் ஒரு காரியத்தில் ஒன்றாக நின்றதை நான் அதுவரை கண்டதில்லை. சாம்பாரா, சொதியா என்பதற்கே சங்கத்தை உடைத்தவர்கள் நாங்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் ஒருவரைப் புதிதாகக் கண்டால் முதலில் கேட்பது, எந்த ஊர் என்பதுதான். கரவெட்டி என்பார், காரைநகர் என்பார், தஞ்சாவூர் என்பார், ஈப்போ என்பார். அதோடு எங்களுக்கு ஆள் விளங்கிவிடும். அவருடைய மாமன் யார், மச்சாள் யார், எந்தப் பள்ளிக்கூடம் என்பது வரைக்கும் தோண்டிவிடுவோம். ஒக்லாந்தில் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று கேட்பதில்லை. அது என்னத்துக்கு? இரவு போய்ப் படுக்கிற இடம்தானே. நான் கட்சியில் சேர்த்த ஒவ்வொருவரின் ஊரும் எனக்குத் தெரியும். அவர்கள் எல்லோரையும் வாராவாரம் த்ரீ கிங்ஸில் காண்கிறேன், ஆகவே அவர்கள் த்ரீ கிங்ஸ் ஆட்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் இருந்தேன்.

எங்களோடு போட்டிக்கு நின்றவர் ஒரு சமோவா ஆசிரியர். சாந்தமான மனுஷன். அவர் எங்கேயும் ஆள் சேர்ப்பதாக நாங்கள் காணவில்லை. அவருடைய தேவாலயச் சபைக்காரர்கள் பென்ரோஸில் வேர்ஹவுஸ் வேலைக்குப் போகிறவர்கள், சனிக்கிழமை மத்தியானம் ஷிஃப்ட் இருக்கும், பாதிப்பேர் வரமாட்டார்கள் என்று கிள்ளான் அண்ணை கணக்குச் சொன்னார். 'அவங்களுக்கு ஒண்ணுன்னா நமக்கு ரெண்டு ஓட்டுமா' என்றார். அமெரிக்காவையே சரியாகச் சொன்னவர், இந்த த்ரீ கிங்ஸில் பிழைவிடுவாரா?

அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்துக்கு நான் வடைத் தட்டோடு போய் இறங்கியபோது கார் பார்க் நிறைந்திருந்தது. நிறைந்து, புல்லிலும் ஏறி, தெருவின் இரண்டு பக்கமும் நின்றது. காருக்குக் கார் பட்டுச்சேலை இறங்குகிறது. வேட்டி இறங்குகிறது. தஞ்சாவூர்த் தோழி தன் கடையில் வேலை செய்கிற பெண்களையும் அவர்கள் புருஷன்மாரையும் மூன்று காரில் கொண்டுவந்திருந்தாள். கலியாண வீடு கெட்டது போங்கள். கிள்ளான் அண்ணையின் கண் கலங்கிவிட்டது. தங்கச்சி நீலச் சேலையில் வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை அப்படி நான் அவளுடைய கலியாணத்திலும் காணவில்லை.

மண்டப வாசலில் கழுத்தில் கட்சி நிறச் சால்வையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி லாப்டாப்பை வைத்துக்கொண்டு இருந்தார். நல்ல மனுஷி, தங்கச்சியோடு கதிரை அடுக்கினவர். பேரைச் சொல்ல வேண்டும், லைசென்ஸைக் காட்ட வேண்டும், அவர் பார்த்து வாக்குச்சீட்டுத் தருவார். நான் முதலில் போனேன், சீட்டு வாங்கினேன், உள்ளே போய் முன்வரிசையில் வடையை வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் வரிசை நகரவில்லை. தஞ்சாவூர்த் தோழி மேசைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"என்னக்கா இது, எனக்கு ஓட்டு இல்லையாம். நான் மெம்பர்தானே? கார்டெல்லாம் வந்துச்சே."

அந்தப் பெண்மணி மெதுவாகத்தான் விளக்கினார். அங்கத்தவர்தான், அதில் பிழையில்லை. ஆனால் விலாசம் பாட்டனி டவுன்ஸ். அது வேறு தொகுதி. இந்தத் தொகுதிக்குள் குடியிருக்கிறவர்களுக்குத்தான் இன்றைக்கு வாக்கு. அவர்களுக்கு மட்டும் ஈமெயில் அனுப்பியிருந்தோமே என்றார்.

ஈமெயிலாம். எங்கள் ஆட்களில் யார் ஈமெயில் திறக்கிறார்? கிள்ளான் அண்ணை வாட்ஸ்அப்பில் போட்டதுதான் எங்களுக்கு அழைப்பு.

சரி, அவள் ஒருத்திக்குத்தான் என்று நினைத்தேன். அடுத்தவர் கரவெட்டிக்காரர், எங்கள் தூரத்துச் சொந்தம். முன்பு என் தெருவிலேயே வாடகைக்கு இருந்தவர். அவர் லைசென்ஸை நீட்டினார். அந்தப் பெண்மணி இல்லை என்று தலையை ஆட்டினார். அவர் வீடு வாங்கிக் கிழக்கே போய் வருஷக்கணக்காகிறதாம். அதற்கடுத்தவரும் பாட்டனி டவுன்ஸ். அதற்கடுத்த குடும்பம் இன்னும் தள்ளி, தெற்கே. என்ன கோதாரி இது? ஒவ்வொரு கார்டாக நீட்டுகிறார்கள், ஒவ்வொரு தலையாக ஆடுகிறது. போன வெள்ளிக்கிழமையும் கோயிலில் என் பக்கத்தில் இருந்து பிரசாதம் தின்றவர்கள்! எந்த ஊர் என்று கேட்டால் பாட்டன் பேர் வரைக்கும் சொல்லத் தெரிந்த எனக்கு, இவர்கள் எங்கே போய்ப் படுக்கிறார்கள் என்று ஒருவரைப் பற்றியும் தெரியவில்லை.

இங்கே வாடகையும் வீட்டு விலையும் ஏற, வீட்டுக்கடன் கட்டக்கூடிய இடத்துக்குப் பிள்ளைகுட்டியோடு ஒவ்வொருவராகப் போயிருக்கிறார்கள். கோயிலும் பள்ளிக்கூடமும் முருங்கைக்காயும் இங்கேயே நின்றுவிட்டன. அவர்கள் அவற்றுக்காக மோட்டர்வேயில் வந்து போயிருக்கிறார்கள். வந்து போனவர்களை நாங்கள் இருப்பவர்கள் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அப்போதுதான் வெளியே பார்த்தேன். அந்தச் சமோவா ஆசிரியரின் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பூப்போட்ட சட்டையும் நீளப் பாவாடையுமாக, தாய் தகப்பன், பெரிய பிள்ளைகள், குழந்தை வண்டி, எல்லோரும் நடந்து. ஒரு கார் இல்லை. கார் என்னத்துக்கு, இரண்டு தெரு தள்ளி இருக்கிறவனுக்கு? கார் பார்க் நிறைந்ததைப் பார்த்து வயிறு குளிர்ந்தவள் நான். அது எங்கள் தோல்வி என்று அந்தப் புல்லில் ஏறி நின்ற கார்களே சொல்லியிருக்கின்றன, எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை. நடந்து வந்தவர்கள் எல்லோருக்கும் சீட்டுக் கிடைத்தது.

கிள்ளான் அண்ணை சுவரோடு சாய்ந்து நின்றார். "எந்த இடத்துல எந்த ஆளுங்கன்னு பாக்கணும்னு நானேதான்மா சொன்னேன்," என்றார். "ஆளுங்களைப் பாத்தேன். இடத்தைப் பாக்கலையே." அவரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட முடியவில்லை.

வெளியே எங்கள் ஆட்கள் போகாமல் நின்றார்கள். அதைச் சொல்லியாக வேண்டும். மழை தூறத் தொடங்கியும் பட்டுச்சேலைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல்களுக்கு வெளியே நின்றார்கள். தஞ்சாவூர்த் தோழி கண்ணாடியில் மூக்கு பட நின்றாள். உள்ளே எங்கள் பக்கத்தில் வெறும் கதிரைகள். தங்கச்சியே காலையில் வந்து அடுக்கிய கதிரைகள்.

அவள் பேசினாள். என் தங்கச்சி பேசிய பேச்சை நான் சொன்னால் அக்காக்காரி புளுகுகிறாள் என்பீர்கள். நன்றாகப் பேசினாள். ஆஸ்பத்திரியில் ரத்தக் குப்பிகளில் ஒட்டியிருக்கும் பேர்களைப் பார்த்தே இந்தப் பகுதியில் எந்த வீட்டில் சீனி வருத்தம் கூடுகிறது என்று தனக்குத் தெரியும் என்றாள். நான் அடுத்த தெருவில் இருக்கிறேன், உங்களில் பலரின் தபால்பெட்டிகள் எனக்குத் தெரியும் என்றாள். வெறும் கதிரைகளைப் பார்க்காமல் எதிர்ப்பக்கத்தில் இருந்த சமோவாக் குடும்பங்களைப் பார்த்தே பேசினாள். அவர்கள் கவனமாகக் கேட்டார்கள், நன்றாகக் கை தட்டினார்கள். எனக்குத் திரும்பவும் ஆசை முளைத்துவிட்டது. மனசு கேவலமான சாமான்.

பிறகு வாக்குப் போட்டோம், எண்ணினார்கள். ஆசிரியர் வென்றார். வித்தியாசம் கொஞ்சம்தான் என்று கூட்டத் தலைவர் சொன்னார். தலைவர்கள் ஆறுதலுக்குச் சொல்வது என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, உண்மையாகவே கொஞ்சம்தான். இரண்டு, மூன்று வீட்டுக்காரர் மாறிப் போட்டிருந்தால் தங்கச்சி வென்றிருப்பாள். வெளியே நின்றவர்களில் ஒரு காருக்குள் வந்தவர்களுக்கு வாக்கு இருந்திருந்தாலே கிட்டப் போயிருப்போம். தங்கச்சி எழும்பிப் போய் அந்த ஆசிரியருக்குக் கை கொடுத்தாள். அவர் அவளைக் கட்டிப்பிடித்து, நீ என்னோடு வேலை செய்ய வேண்டும் என்றார். நல்ல மனுஷன்தான். எனக்கு அன்றைக்கு அவரையும் பிடிக்கவில்லை.

நான் வடைத் தட்டை எடுக்கக் குனிந்தபோது யாரோ தோளைத் தொட்டார்கள். நிமிர்ந்தால் என் பக்கத்து வீட்டு சமோவாப் பெண்மணி. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர். பீஜோவாப் பழக் காலத்தில் பை நிறையப் பழம் தருவார், நான் மோதகம் கொடுப்பேன், குப்பைத் தொட்டி எந்த நாள் வைப்பது என்று கேட்போம், அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அவர் கட்சி அங்கத்தவர் என்று எனக்குத் தெரியாது. மகன், மருமகள், வளர்ந்த பேரப்பிள்ளைகள் என்று வீடே அவர் பின்னால் நின்றது. எல்லோர் கையிலும் தேத்தண்ணிக் கோப்பை. நீயும் கட்சியா என்று அவரும் ஆச்சரியப்பட்டார். தங்கச்சி அந்த நேரம் பார்த்து என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். இது என் தங்கச்சி என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கையைப் பிடித்துக்கொண்டார். உன் அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றார் ஆங்கிலத்தில். வெள்ளிக்கிழமைகளில் உன்னைக் கண்டிருக்கிறேன், கோயிலுக்கு வருகிற ஆட்களோடு வருவாய், போவாய், அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்று நினைத்தேன் என்றார்.

தங்கச்சியின் முகம் மாறியது. அடுத்த தெருவில் இருக்கிறேன் என்று பேச்சில் சொன்னேனே என்று கேட்டாள்.

சொன்னாய் மகளே என்றார் அவர், அன்பாக. நிற்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள். உங்கள் ஆட்களில் உன் அக்கா ஒருத்திதான் இங்கே இருக்கிறாள், மற்றவர்கள் எங்கிருந்தோ வந்து போகிறவர்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இங்கே குடியிருக்கிற ஆளுக்குப் போடுவோம் என்று காலையில் வீட்டில் கதைத்து, எல்லோருமாக ஆசிரியருக்குப் போட்டுவிட்டோம்.

என் கையில் இருந்த தட்டை எங்கே வைத்தேன் என்று எனக்குத் தெரியாது. தங்கச்சி வாயைத் திறந்தாள். சிறுவயதில் இந்த நாட்டுக்கு வந்து, வெள்ளைக்காரர் மாதிரி ஆங்கிலம் பேசுகிறவள், இப்போதுதான் மைக்குக்கு முன்னால் ஒரு சொல் தடுக்காமல் பேசிவிட்டு இறங்கியவள், அந்த மனுஷியின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னாள்.

"நான் இங்கதான் அம்மா இருக்கிறன். இவ்வளவு காலமும் இங்கதான் இருக்கிறன்."

அவருக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. புன்னகைத்து, அவள் கன்னத்தைத் தடவிவிட்டு, கவனமாக வீட்டுக்குப் போய்ச் சேர், தூரமா என்று கேட்டார்.